வெள்ளை மீனின் மேல் வெள்ளைப் பஞ்சு

1. சனிக்கிழமை மதியம் அக்கா ரயில் ஏறினாள். பதினோரு நாளைக்கு மீன் என் பொறுப்பு.
2. ஞாயிறு காலை தொட்டியைக் காலி செய்து, கண்ணாடி, கூழாங்கல், வடிகட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினேன்.
3. செவ்வாய் மாலை மீன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஓய்வெடுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
4. புதன்கிழமை கற்களில் உடம்பை உரசிக்கொண்டு ஓடியது. விளையாடுகிறது என்று எழுதினேன்.
5. வியாழன் காலை அதன் வலது விலாவில் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது.
6. அதே வியாழன் காலை அக்காவுக்கு ஒரு படம் அனுப்பினேன். அது ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம்.

ஆறாவதைத் தவிர மற்றதெல்லாம் தெரியாமல் செய்தவை.

அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறோம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, கிழக்குப் பக்கம் ஜன்னல். நான் கோயம்புத்தூரில் இயந்திரவியல் படித்துவிட்டு, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு வந்தவள். அவள் புனேயிலேயே பிறந்தவள். அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கே கேம்ப் என்னும் பகுதியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள். தமிழ் பேசும்போது பாதி திருநெல்வேலியும் பாதி இந்தியும் வரும். அவளுக்கு என்னைவிட ஏழு வயது அதிகம்.

மீன் அவளுடையது. ஒராண்டா என்று சொல்லும் தங்கமீன் வகை. பெயரில்தான் தங்கம், உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, தலையில் மட்டும் சிவப்புத் தொப்பி வைத்தது போல ஒரு சதைத் திரட்சி. அதற்குப் பெயர் வைக்கவில்லை. வந்த புதிதில் ஏன் என்று கேட்டேன். வகுப்பில் தினமும் ஐம்பது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், இது ஒன்றாவது பெயரில்லாமல் நிம்மதியாக இருக்கட்டும் என்றாள்.

அதற்கு ஏழு வயது. அக்கா புனேயின் மறுகோடியில் ஹடப்சரில் கணவரோடு இருந்த காலத்தில் வாங்கியது. அந்த வீட்டைவிட்டு வெளியே வந்த அன்று இரண்டு பெட்டியும் மூடி போட்ட ஒரு வாளியும்தான் எடுத்துக்கொண்டாளாம். வாளிக்குள் மீன். ஹடப்சரிலிருந்து ஆட்டோவில் காலிடுக்கில் வாளியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் பூண்டு உரித்துக்கொண்டே. அந்த வீட்டிலிருந்து தான் கொண்டுவந்ததில் உயிருள்ளது அது ஒன்றுதான் என்றாள். பிறகு குக்கர் எத்தனை விசில் ஆயிற்று என்று கேட்டாள்.

எனவே அந்த மீன் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் அவள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். கிளம்பும் முன் எனக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே அரைத்தாளில் எழுதிக் கொடுத்தாள். காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி. மிச்சம் கிடந்தால் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் பால்கனியில் இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருக்கும் வாளியிலிருந்து ஊற்ற வேண்டும். தினமும் காலையில் ஒரு படம். அவ்வளவுதான். தொட்டியைக் கழுவுவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பதினோரு நாளில் யாராவது கழுவுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

எங்கள் ஆலையில் சனிக்கிழமைதோறும் கடைசி ஒரு மணி நேரம் துப்புரவு. இயந்திரத்தின் மேல் விரலை வைத்தால் எண்ணெய் ஒட்டக் கூடாது. தேவையில்லாததை நீக்கு, இருப்பதை இடத்தில் வை, பளபளக்க வை என்று சுவரெல்லாம் மராத்தியில் எழுதியிருக்கும். நான்கு வருடம் அந்தச் சுவர்களுக்கு நடுவே வேலை செய்தால் கண் மாறிவிடுகிறது. அக்காவின் தொட்டியில் எனக்கு மீன் தெரிந்ததைவிடக் கண்ணாடியின் பழுப்பு தெரிந்தது, கற்களில் படிந்த வழவழப்பு தெரிந்தது. வடிகட்டியைத் திறந்தால் ஸ்பாஞ்ச் சேற்று நிறத்தில் இருந்தது. அவள் திரும்பி வரும்போது தொட்டி புதிது போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளுக்கு நான் தர நினைத்த பரிசு அது.

ஞாயிறு காலை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மீனை வலையால் அள்ளி வாளியில் விட்டேன். அது துள்ளியது, வலையில் இரண்டு மூன்று செதில்கள் ஒட்டியிருந்தன. நகக்கண் அளவு, கண்ணாடி போல. அழகாக இருக்கிறதே என்று அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்பாஞ்சைக் குழாயின் கீழே பிடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை பிழிந்தேன். மழைக்காலத்தில் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கூடுதலாகக் கலக்கிறோம் என்று எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் அறிவிப்புப் பலகையில் மராத்தியில் ஒட்டியிருந்தார்கள். அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நல்லதுதான் என்று நினைத்த ஞாபகம் இருக்கிறது.

மதியம் எல்லாம் முடிந்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன் எங்கள் வரவேற்பறையில் வெறும் காற்றில் மிதப்பது போல இருந்தது. வெளியே மழை, உள்ளே சாம்பல் வெளிச்சம், நடுவில் ஒரு வெள்ளைப் பொருள் தன் வாலைப் பட்டுத்துணி போல விரித்து மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைத்தான் படம் எடுத்தேன். நான் எடுத்த படங்களில் அதுவே நல்ல படம்.

ஞாயிறு முதல் புதன் வரை மீனை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெள்ளையின் மேல் வெள்ளை வந்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாது. இது என் தொழிலிலேயே உள்ள விஷயம். தீட்டிய உருளையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க விளக்கைச் சாய்த்துப் பிடிப்போம். வியாழன் காலை மழை சற்று ஓய்ந்து, சூரியன் எதிர்க் கட்டிடத்துக்கும் மேகத்துக்கும் இடையில் எட்டிப் பார்த்தது. வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாகத் தொட்டிக்குள் இறங்கியது. மீனின் விலாவிலும் வாலின் மேல் நுனியிலும் இலவம்பஞ்சு போன்ற மெல்லிய இழைகள் ஒளிர்ந்தன. அது நகர்ந்தபோது இழைகளும் பின்னால் அசைந்தன. ஒரு நொடி அழகாக இருந்தது. அடுத்த நொடி அது நோய் என்று புரிந்தது.

அப்போதுதான் அக்காவின் செய்தி வந்தது. படம் எங்கே, இங்கே எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று. யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அனுப்பினேன். தொட்டி கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறதே என்று பதில் வந்தது.

ஆலைக்குப் போனேன். போன வருடம் எங்கள் பிரிவில் ஒருவர் அளக்காமலேயே அளவுகளை எழுதிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் எண்களை அப்படியே இன்றைய கட்டத்தில் போடுவார். பாகங்களில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் அவரைப் பரிசோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேலிடத்துக்குச் சொன்னது நான்தான். அன்று மேஜையில் உட்கார்ந்து மைக்ரோமீட்டரைத் திருகியபோது அவர் ஞாபகமாகவே இருந்தது. மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம், யாரோ பாட்டுப் பழகும் சத்தம்.

"அக்கா, காலையில அனுப்புன படம் இன்னைக்கு எடுத்தது இல்லீங்க."

"பின்ன?"

"ஞாயித்துக்கிழமை எடுத்தது. மீன் மேல பூசணம் பூத்திருக்குங்க்கா."

பாட்டுச் சத்தம் தூரமாகப் போனது. வெளியே வந்துவிட்டாள் போல.

"உசுரோட இருக்கா?"

"இருக்குங்க்கா. அடியில படுத்திருக்கு."

"ஸ்பாஞ்சை எங்க வச்சுக் கழுவுன?"

கழுவியதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடி மினுங்கியதைப் பார்த்து அவளே கண்டுபிடித்திருந்தாள். குழாயில் என்றேன்.

"அரே... ஏ பிள்ள, அதுல இருந்ததெல்லாம் செத்துப்போச்சுல்லா."

பிறகு வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். ஸ்பாஞ்சில் நான் பார்த்த சேற்று நிறம் அழுக்கு மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவைதான் தின்று தீர்க்கின்றன. குளோரின் தண்ணீர் அவற்றைக் கொன்றுவிட்டது. நான்கு நாளாக மீன் தன் கழிவிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. கல்லில் உரசியதைச் சொன்னேன், அதனால்தான் என்றாள். பூஞ்சையின் வித்து எந்தத் தண்ணீரிலும் இருக்கும். திடமான மீனை ஒன்றும் செய்யாது. தோல் கிழிந்த இடத்தில்தான் வந்து உட்காரும். வலையில் அள்ளினாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செதில்களைப் பற்றியும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள், எழுதிக்கொண்டேன். கடைசியில் மட்டும் குரல் மாறியது.

"மீனுன்னா சீக்கு வரும். அது கெடக்கட்டும். படத்த மாத்தி அனுப்பாத, இன்ஸ்பெக்டரம்மா."

ஆகுர்டியில் அவள் வழக்கமாகப் போகும் மீன்கடை இருக்கிறது. லோக்கல் ரயிலில் ஒரே ஸ்டேஷன். கடையை நடத்துகிற அம்மாள் என் இந்தியைக் கேட்டுக்கொண்டே தன் தொட்டிகளில் ஒன்றைத் திறந்து, கறுத்துப்போன ஸ்பாஞ்சில் ஒரு கைப்பிடி அளவு கத்தரியால் வெட்டி, அதே தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டித் தந்தார். எத்தனை வயது மீன் என்று மராத்தியில் கேட்டார். ஏழு என்றதும் இன்னொரு துண்டும் வெட்டிப் போட்டார். பூஞ்சையைக் கொல்லும் மெத்திலீன் நீலம் ஒரு சின்ன பாட்டில், அம்மோனியாவைச் சோதிக்கும் சொட்டு மருந்து ஒன்று. நீலத்தைப் பெரிய தொட்டியில் ஊற்றிவிடாதே, இந்த ஸ்பாஞ்சில் இருப்பதையும் அது கொன்றுவிடும், நோயாளியைத் தனியாக வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அயோடின் சேர்க்காத கல்லுப்பு மளிகைக் கடையில் கிடைக்கும் என்றார். மாலை லோக்கலில் நெரிசல். சேற்றுத் தண்ணீர்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். யாராவது இடித்து அது சிந்திவிடுமோ என்று மட்டும்தான் பயந்தேன்.

என் துணிகள் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்து, சோப்பில்லாமல் அலசி, வாளியில் நின்ற தண்ணீரை இருபது லிட்டர் அளந்து ஊற்றினேன். லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு, கரைத்து, மெதுவாக. நீலம் பாட்டிலில் போட்டிருந்த அளவு. காற்றுக் குமிழி விடும் கல் ஒன்று. ஆலையில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வோம், எது வேலை செய்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. இங்கே அதற்கு நேரமில்லை. மீனை இந்த முறை வலையால் பிடிக்கவில்லை. ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக் காத்திருந்தேன். அதற்கு விலகிப் போகவும் தெம்பில்லை. தானாகவே கிண்ணத்துக்குள் சரிந்து வந்தது.

அதற்குப் பிறகு ஆறு நாட்கள் எனக்கு ஒரே நாளாகத்தான் நினைவிருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நீலம் வெளுத்துவிடும் என்பதால் பெட்டி மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தேன். விடிந்ததும் துண்டை விலக்குவேன். உள்ளே பெட்டி முழுக்க நீலம், அதன் அடியில் பகல் நிலா போல அந்த வெள்ளை. செவுள் திறந்து மூடுவதை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எண்ணம் நழுவிவிடும். ஜன்னலுக்கு வெளியே மழை வேகம் கூடும், குறையும். குமிழிகள் மேலே வந்து உடையும். எது மழைச் சத்தம் எது குமிழிச் சத்தம் என்று தெரியாது. அந்த அறையே மெல்ல மூச்சு விடுவது போல இருக்கும். பிறகு பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, பால்கனி வாளியிலிருந்து அதே அளவு ஊற்றி, எடுத்த பாதிக்குரிய உப்பையும் நீலத்தையும் மட்டும் சேர்ப்பேன். விரல் நுனிகள் நீலமாகவே இருந்தன. ஆலையில் கேட்டவர்களிடம் மை என்றேன்.

தினமும் படம் அனுப்பினேன். ஒரு தாளில் அன்றைய கிழமையைப் பெரிதாக எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து எடுத்தேன். அக்கா கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அவள் பதில்கள் சுருங்கிவிட்டன. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை வரும். அடுத்த ஞாயிறு காலை மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பஞ்சு சாம்பல் நிறமாகி உதிரத் தொடங்கியிருந்தது; உதிர்ந்த இடத்தில் தோல் சிவந்து தெரிந்தது. அந்தப் படத்தை அனுப்ப விரலுக்கு மனமில்லை. அனுப்பினேன். அதற்கும் பார்த்தேன் என்றுதான் வந்தது. அவள் அன்று தேவாலயத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருப்பாள்.

திங்கள்கிழமை மீன் நேராக நின்றது. செவ்வாய் காலை தோலுரித்த ஒரு பச்சைப் பட்டாணியை நசுக்கிப் போட்டேன். அதைச் சுற்றி வந்தது. வாயில் எடுத்தது, துப்பியது, மறுபடி எடுத்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அது விழுங்கும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய தொட்டியில் கடைக்கார அம்மாளின் ஸ்பாஞ்ச் துண்டுகள் வடிகட்டிக்குள் இருந்தன. அவற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று தினமும் துளி தீனி போட்டேன். சோதனைக் குழாயில் பச்சையாக வந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளை நோக்கிப் போனது, அம்மோனியா குறைகிறது என்று அர்த்தம். அதற்கும் ஒரு கட்டம் போட்டு எழுதினேன்.

புதன் காலை அக்கா வந்தாள். பயணப் பெட்டியைக் கதவருகிலேயே விட்டுவிட்டு, நனைந்த செருப்போடு நேராக வந்து நீலப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் நுனியைத் தண்ணீரில் வைத்தாள். மீன் அடியிலிருந்து எழுந்து வந்து விரலில் வாயை வைத்தது. வாலின் மேல் பாதி கரைந்து குட்டையாகியிருந்தது. விலாவில் செதிலில்லாத ஒரு வட்டம்.

"மெலிஞ்சுபோச்சு," என்றாள்.

டீ போட்டுக் கொண்டுவந்தேன். ஆறியபிறகு குடித்தாள். குறிப்பேட்டை நீட்டினேன், முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஓய்வெடுக்கிறது, விளையாடுகிறது என்று நான் எழுதியிருந்த இடங்களில் சற்று நின்றாள். மூடி என்னிடம் தந்தாள்.

"அந்த மொத ஞாயித்துக்கிழமை படத்தக் கல்யாண வீட்டுல எல்லாத்துக்கும் காட்டிட்டேன். நல்லா வச்சிருக்கன்னு சொன்னாவ."

அவள் குரலில் கோபமில்லை. மன்னிச்சிருங்க்கா என்றேன். சரி, குளிச்சிட்டு வாரேன் என்று எழுந்து போனாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து மீனைத் தொட்டிக்கு மாற்றினோம். கிண்ணத்தை அவள் பிடித்தாள். இப்போது ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை, தொட்டியிலிருந்தே ஒரு வாளித் தண்ணீர் எடுத்து அதில் இரண்டு தடவை மட்டும் பிழிகிறோம். கண்ணாடியின் ஒரு பக்கத்தைத்தான் துடைக்கிறோம். கற்களைத் தடவிப் பார்த்து, கூர்மையாக இருந்த இரண்டை எடுத்து வீசினோம். வலை வீட்டில் இல்லை. தின்னாத தீனி ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடப்பதில்லை. மழைக்காலத்தில் வாளித் தண்ணீரில் குளோரினை நீக்கும் சொட்டு மருந்தையும் சேர்க்கிறோம். வாரம் ஒருமுறை விளக்கைச் சாய்த்துப் பிடித்து இரண்டு விலாக்களையும் பார்க்கிறேன். பழுப்பு திரும்பி வந்துவிட்டது. முதலில் அது என் கண்ணை உறுத்தியது. இப்போது மாலையில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால், அந்தப் பழுப்பின் ஊடாகத் தெரியும் வெள்ளையைப் பார்த்தபடியே நேரம் போய்விடுகிறது. கிழமை கூட மறந்துவிடும்.

மீன் நன்றாக இருக்கிறது. விலாவில் செதில்கள் முளைத்துவிட்டன, சற்றுக் கலைந்த வரிசையில். வால் முழுதாக வளரவில்லை. திரும்பும்போது ஒரு பக்கம் இழுக்கிறது. டிசம்பரில் அக்கா ஒரு வாரம் நாசரேத்துக்குப் போகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று. அந்த வாரம் மீனை யாரிடம் விடுவது என்று அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.